அழகாக எரிகிறது

மேவிஸ் காவுடுக்குப் பொறாமை வந்தது ஒரு சான்றிதழால். மற்றப் பெண்களுக்குச் சட்டைக் காலரில் உதட்டுச்சாயமோ கோட்டில் அடுத்தவள் தலைமுடியோ கிடைக்கும். இவளுக்குக் கிடைத்தது கார்பன் தாள் வைத்து எழுதிய ஒரு மஞ்சள் நகல். அதன் அடியில், குறிப்பு எழுதுகிற கட்டத்துக்குள், தன் புருஷன் கையெழுத்தில் இரண்டே சொற்கள். ‘அழகாக எரிகிறது.’

டெஸ் காவுட் கேஸ் வேலைக்காரன். ஹல் நகரத்தின் மேற்குப் பக்கம், ஹெஸல் ரோட்டுக்குப் பின்னால் இருக்கிற தெருக்களில் அவன் கை படாத பாய்லர் குறைவு. வாடகைக்கு விட்ட வீட்டிலெல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை கேஸ் சாமான்களைச் சோதித்துச் சான்றிதழ் வாங்கியே ஆகவேண்டும் என்று சட்டம் வந்தபிறகு அவனுக்கு மூச்சுவிட நேரமில்லை. குளிர்காயும் கேஸ் கணப்பைச் சுவரிலிருந்து கழற்றி, பின்னால் விழுந்துகிடக்கிற கரியையும் காரையையும் அள்ளுவான். புகைவிடும் குச்சியைக் கொளுத்தி, புகை மேலே இழுபடுகிறதா அறைக்குள் திரும்புகிறதா என்று குந்தி உட்கார்ந்து பார்ப்பான். மீட்டரில் கண்ணாடிக்குழாயைச் சொருகி, கேஸ் கசிந்து உள்ளே தண்ணீர் மட்டம் இறங்குகிறதா என்று இரண்டு நிமிஷம் கண்கொட்டாமல் நிற்பான். எல்லாம் முடித்துப் படிவம் எழுத உட்கார்ந்தால் குறிப்புக் கட்டத்தில் ஒரே சொல்தான் விழும். ‘சரி.’

வீட்டிலும் அதே சொல்தான். ஆட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் பொங்கிப்போட்டால் ‘சரி.’ புதுக் கோட்டு மாட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்றால் ‘சரி.’ மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரித் தொட்டிலுக்குள் எட்டிப்பார்த்துவிட்டு, “எல்லாம் சரியா இருக்கு” என்றான். ஏதோ குழாய் இணைப்பைப் பார்த்துச் சொன்னது மாதிரி. அதற்கே மேவிஸ் அன்றைக்குச் சிரித்துக்கொண்டே அழுதாள். முப்பது வருஷமாக அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்தியவள், தன் புருஷனுக்கு ‘அழகு’ என்று எழுதத் தெரியும் என்பதை ஊரார் வீட்டுச் சான்றிதழில் பார்த்தால் வயிறு எரியாதா?

மேசை வேலை முழுக்க மேவிஸுடையது. எந்த வீட்டுச் சான்றிதழ் எந்தத் தேதியில் முடிகிறது, எந்த வீட்டுக்காரர் சொன்ன நாளுக்குக் கதவு திறப்பார், எவர் மூன்று கடிதம் போட்டாலும் அசையமாட்டார், எல்லாம் அவளுக்கு மனப்பாடம். சோதித்து இருபத்தெட்டு நாளுக்குள் குடியிருப்பவர் கையில் ஒரு நகல் போய்ச் சேரவேண்டும். அது ஒரு நாள்கூடத் தப்பியதில்லை. ஸ்பானர் பிடித்ததில்லையே தவிர, போனில் நாலு வார்த்தை கேட்டால் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவாள். டெஸ்ஸின் கண்ணும் கையும், அவளுடைய காதும் பேனாவும் என்று இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆள். வெளியே சொல்லிக்கொள்ளாவிட்டாலும் அதுதான் அவளுடைய கல்யாணம்.

அந்த இரண்டு சொல் எழுதியிருந்த வீடு ரோசமண்ட் தெரு முப்பத்தொன்று. சொந்தக்காரர் ஸ்டாத்தர்ஸ். குடியிருப்பவள் நோரீன் சடபி, நாற்பத்தேழு வயது, புருஷன் போனவள், மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை. அக்டோபரில் அவள் குடிவந்தபோது டெஸ் போய்ச் சோதித்தான். அத்தோடு அடுத்த அக்டோபர்தான் போகவேண்டும். மேவிஸ் அவன் வேலை நாட்குறிப்பைப் புரட்டினாள். நவம்பரில் இரண்டு தடவை போயிருக்கிறான். டிசம்பரில் மூன்று. ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘கூப்பிட்டார்கள், பார்த்தேன், குறை இல்லை.’ குறையே இல்லாத வீட்டுக்கு ஐந்து தடவை! அவன் வேலைச்சட்டைப் பையைத் துவைக்க உதறினால் இஞ்சிக் கேக் தூள் கொட்டியது. வீட்டில் மேவிஸ் இஞ்சிக் கேக் செய்வதை நிறுத்திப் பத்து வருஷமாகிறது. நெஞ்சைக் கரிக்கிறது என்று அவன்தான் வேண்டாம் என்றான்.

ஜனவரி பிறந்து குளிர் இறுகியது. ஹம்பர் ஆற்றின் மேலிருந்து வருகிற கிழக்குக் காற்று சந்து சந்தாக நுழைந்து காதைக் கடித்தது. மேவிஸின் தங்கை ஜாய்ஸ் ஹெஸல் ரோட்டில் வறுத்தமீன் கடையில் நிற்கிறவள். மத்தியானம் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் மேவிஸ் அங்கே போய் நின்றாள்.

“என்னக்கா, கிழங்கு வடை ஒண்ணா ரெண்டா? மூஞ்சி ஏன் ஐஸ்பெட்டில கெடந்த காட் மீனு மாதிரி இருக்கு?”

“ஒண்ணு போதும். பன்னுக்குள்ள வெச்சுக் குடு. வினிகர் கொறச்சு ஊத்து.”

“டெஸ் மாமாவுக்கு?”

“அவனுக்கு எதுக்கு? அவனுக்குத்தான் வேற எடத்துல இஞ்சிக் கேக் கெடைக்குதே.”

ஜாய்ஸ் கரண்டியைக் கீழே வைத்தாள். இப்படி ஒரு பேச்சு வந்தால் எண்ணெய் தீய்ந்தாலும் அவள் கவலைப்படமாட்டாள். மேவிஸ் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

“அழகா எரியுதுன்னா எழுதிருக்காரு? நம்ம டெஸ்ஸா?”

“அவனேதான்.”

“எது எரியுதாம்?”

“சீ, வாயக் கழுவுடி.”

“இல்லக்கா, கேக்குறேன். அந்த நோரீன எனக்குத் தெரியும். வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம வருவா. கையுறை போட்டுக்கிட்டு, ‘நன்றிம்மா, நன்றிம்மா’ன்னு. அந்த மாதிரி மெதுவாப் பேசுறவளுகளத்தான் நம்பக்கூடாது. கத்துறவ கத்திட்டுப் போயிடுவா.”

“பாக்க எப்பிடி இருப்பா?”

“ம்... இடுப்பு இருக்குது.”

“எனக்கு இல்லங்கிறியா?”

“உனக்கும் இருக்கு. நெறையவே இருக்கு.” ஜாய்ஸ் சிரித்துவிட்டு அக்காவின் முகத்தைப் பார்த்துச் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். “நேரா கேட்டுட வேண்டியதுதானே அவர்கிட்ட?”

“கேட்டா என்ன சொல்லுவான்? ‘சரி’ம்பான்.”

வடையைக் கடித்தாள். சேஜ் இலை வாசத்தோடு உள்ளே சூடாக இருந்தது. இரண்டு கடிக்குப் பிறகு தாளில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

புதன்கிழமை காலை ஒன்பதே காலுக்குப் போன் வந்தது.

“மிசஸ் காவுடுங்களா? நான் ரோசமண்ட் தெரு நோரீன் பேசுறேன். டெஸ் இருக்காரா?”

டெஸ்ஸாம்! இருபது வருஷப் பழக்கமுள்ள ஸ்டாத்தர்ஸே ‘மிஸ்டர் காவுட்’ என்பார்.

“வேலைக்குப் போயாச்சு. என்ன விஷயம்?”

“ஒண்ணுமில்லைங்க, அந்தப் புள்ளி அட்டை... கணப்புக்கு மேல மாட்டிருக்கோமே. புள்ளி கொஞ்சம் கறுத்த மாதிரி தெரியுது. என் கண்ணுக்குத்தான் அப்பிடித் தெரியுதோ என்னவோ.”

புள்ளி அட்டை சீட்டுக்கட்டுச் சீட்டு அளவு இருக்கும். நடுவில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொட்டு. கேஸ் சரியாக எரியாமல் அறையில் விஷப்புகை சேர்ந்தால் அந்தப் பொட்டு கறுக்கும். அந்தப் புகைக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. அதனால்தான் டெஸ் ஒரு சட்டம் போட்டிருந்தான்: புள்ளி கறுத்தது என்று எவர் சொன்னாலும் எதிர்க்கேள்வி கேட்கக்கூடாது. ‘மொதல்ல கேஸ அடைங்க, ஜன்னலத் தொறங்க, வெளிய வாங்க.’ இந்த வாக்கியத்தை மேவிஸ் நூறு பேருக்குச் சொல்லியிருப்பாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். அன்றைக்கு நாக்கு அந்தப் பக்கமே போகவில்லை.

“கிட்டக்க ஏதாவது ஸ்ப்ரே அடிச்சீங்களா?”

“திங்கக்கெழம மேசைக்கு பாலிஷ் அடிச்சேன்.”

“அதான். அந்த நெடிக்கே கறுத்துடும். பின்னால தேதி போட்டிருக்கும், பாருங்க.”

“எழுத்து பொடிசா இருக்குங்க. கண்ணாடிய எங்க வெச்சேன்னு தெரியல.”

“பழைய இருப்புலேருந்து எடுத்து மாட்டுனதா இருக்கும். காலம் முடிஞ்சுபோன அட்டை. தூக்கிப் போடுங்க.”

“அப்ப பயமில்லைங்களே?”

“ஒரு பயமும் இல்ல. வருஷத்துக்கு ஒரு தடவ பாத்தாப் போதும்னு சட்டமே சொல்லுது. உங்களுக்கு மூணு மாசத்துல ஆறு தடவ பாத்தாச்சு.”

“நீங்க சொன்னாச் சரிங்க. தொந்தரவு குடுத்துட்டேன். நன்றிம்மா.”

போனை வைத்த மேவிஸுக்கு உள்ளே இனித்தது. பொய் சொல்லவில்லையே, பாலிஷ் நெடிக்குப் பொட்டு கறுப்பது உண்மைதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தொழில் தெரியாத எவளும் அப்படி ஒரு பதிலைச் சொல்லியிருக்கமாட்டாள். ‘ஐயோ, தெரியாதும்மா, அவர் வந்ததும் சொல்றேன்’ என்றுதான் சொல்லியிருப்பாள். போன் வந்த கணக்கை எழுதுகிற நோட்டு மேசையில் விரிந்து கிடந்தது. அன்று வந்த எல்லாப் போனையும் அதில் எழுதினாள், ஒன்றைத் தவிர.

சாயங்காலம் டெஸ் வந்தான். மூன்று வீட்டில் குழாய் உறைந்துபோய், தரையில் படுத்து வேலைசெய்து, முழங்கால் இரண்டும் நனைந்திருந்தது. பன்றிக்கால் வேகவைத்த தண்ணீரிலேயே பட்டாணி போட்டிருந்தாள். நாற்காலியில் சாய்ந்து கையை ஆவியில் காட்டினான்.

“போன் ஏதாவது?”

“கிழவி பின்டர் வீட்டுல பைலட் தீ நிக்கலையாம். வாசல் கதவத் தொறந்துபோட்டுட்டு அடுப்பு அணையுதுங்கிறா. ஸ்டாத்தர்ஸ் போன் பண்ணுனாரு, மூணு வீட்டுக்குத் தேதி வேணுமாம்.”

“வேற?”

“வேற என்ன வரணும்?” அவள் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. “யார் போன எதிர்பாக்குற?”

“யாரையுமில்ல. இந்தக் குளிருக்குப் பழைய புகைபோக்கியெல்லாம் உள்ள பொரிஞ்சு விழும். ராத்திரி உறையுது, பகல்ல எளகுது. அதான் கேட்டேன்.”

கரண்டியை நிறுத்தி அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் பட்டாணியைத் தின்றுகொண்டிருந்தான். சொல்லியிருக்கலாம். இந்த இடத்தில் சொல்லியிருந்தால் இன்னொரு கரண்டி பட்டாணி போடுகிற நேரத்தில் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் சொன்னால் அவன் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடுவான். தன் கண்முன்னால் நோரீனிடம் ஓடுவான். அதைப் பார்க்க அவளால் முடியாது.

“எப்பிடி இருக்கு?” என்றாள்.

“சரியா இருக்கு.”

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு மறுபடியும் போன் அடித்தது. இந்தத் தடவை நோரீன் வேலைக்குப் போகவில்லை. குரல் வேறு மாதிரி இருந்தது. சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, நடுவில் இழுத்து, ஏதோ கட்டிலில் சாய்ந்துகொண்டு பேசுகிற குரல்.

“டெஸ்... கொஞ்சம் வரச் சொல்றீங்களா... தலை ஒரே... வந்து ஒரு எட்டு பாத்தாப் போதும்...”

“சொல்றேன்,” என்று மேவிஸ் வைத்துவிட்டாள். பகல் பதினோரு மணிக்கு வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு, அடுத்தவள் புருஷனை இப்படிக் கொஞ்சிக் கூப்பிடுகிறாளே, அதுவும் பெண்டாட்டியிடமே சொல்லி அனுப்பச் சொல்கிறாளே! இனிமேல் பொறுக்கக்கூடாது. அந்த மூஞ்சியை ஒரு தடவை நேருக்கு நேர் பார்த்துவிடுவது என்று முடிவுசெய்தாள். சான்றிதழின் நகல் ஒன்றை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். அது முன்பே தபாலில் போனதுதான். இன்னொரு நகல் கொடுத்தால் சட்டம் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

ரோசமண்ட் தெருவில் நடைபாதை கண்ணாடியாக உறைந்திருந்தது. எதிர்வீட்டுக்காரி வாசலில் பனி இளக உப்புத் தூவிக்கொண்டிருந்தாள். முப்பத்தொன்றாம் எண் கதவை மூன்று தடவை தட்டிய பிறகுதான் நோரீன் வந்து திறந்தாள்.

முதலில் மேவிஸின் கண்ணில் பட்டது அவள் கன்னம். இரண்டு கன்னமும் சிவந்து, பதினெட்டு வயதுக்காரி மாதிரி இருந்தாள். மேவிஸ் அன்று காலை கண்ணாடியில் பார்த்த முகம் சாம்பல் பூத்திருந்தது.

“நான் மிசஸ் காவுட். சான்றிதழ் நகல் குடுக்க வந்தேன்.”

“அவர் வரலீங்களா?”

“இல்ல. நான்தான் வந்திருக்கேன்.”

“வாங்க, வாங்க. உள்ள சூடா இருக்கும். டீ போடுறேன்.”

சூடாகத்தான் இருந்தது. ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் ஓடையாக வழிந்து கீழே கட்டையை நனைத்திருந்தது. ஈரத் துணிகளை மரச்சட்டத்தில் விரித்துக் கணப்புக்கு முன்னால் நிறுத்தியிருந்ததால் தீ தெரியவில்லை. துணி காய்கிற வாடைதான் அறை முழுக்க. நோரீன் டீ கொண்டுவந்தாள். ஊற்றும்போது பாதி சாசரில் விழுந்தது. இஞ்சிக் கேக்கும் வந்தது. இதுதானா அது என்று மேவிஸ் அந்தத் தட்டையே பார்த்தாள்.

“இத ஒண்ணு கேக்கணும்,” என்று சான்றிதழை எடுத்து மேசையில் விரித்தாள். “இங்க என்ன எழுதிருக்குன்னு பாத்தீங்களா?”

நோரீன் குனிந்து பார்த்துச் சிரித்தாள். “நான் சொல்லித்தான் எழுதுனார். எங்கண்ணன் வித்தர்ன்ஸீ கடற்கரைல கேரவன்ல படுத்தவன் எந்திரிக்கலைங்க. கேஸ் ஹீட்டர் புகை. அப்ப எனக்கு இருபது வயசு. அதுலேருந்து கேஸ்னாலே... வீடு மாறும்போதெல்லாம் தூக்கம் வராது. டெஸ் ‘சரி’ன்னு எழுதுனார். எனக்கு அது பத்தல. ‘சரி’ன்னா எல்லாரும்தான் சொல்றாங்க, எங்கண்ணன்கிட்டயும் சொல்லித்தான் வித்தாங்க, நான் படிச்சிட்டுத் தூங்குற மாதிரி ஏதாவது எழுதுங்கன்னேன். ரொம்ப நேரம் பேனாவக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தார், பாவம்.”

மேவிஸ் எதிர்பார்த்து வந்த பதில் இது இல்லை. ஆனாலும் மனசு ஆறவில்லை. பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தானாம். தனக்காக முப்பது வருஷத்தில் ஒரு நாள் அவன் ஒரு சொல்லைத் தேடி உட்கார்ந்திருப்பானா?

“அதுக்கப்புறம் அஞ்சு தடவ?”

“தெருவுல வேன் நின்னா நான்தான் கூப்பிடுவேன். பயந்தாங்கொள்ளி. அவரும் அலுத்துக்காம வருவார். கொஞ்ச நேரம் உக்காந்து பேசிட்டுப் போவார்.”

“டெஸ் பேசுவானா?”

“ஐயோ, நெறைய. அவருக்கு மாடிப்படி ஏறினா நெஞ்சு அடைக்குதாமே, உங்களுக்குச் சொன்னா பயந்துடுவீங்கன்னு...” நோரீன் சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தி நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். “இது நான் சொல்லியிருக்கக்கூடாது.”

மேவிஸுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. கூடப் படுத்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அவன் நெஞ்சடைப்பு இவளுக்குத் தெரியும், தனக்குத் தெரியாது! நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வாயைத் திறந்தாள். சொல் கிடைக்கவில்லை. கோபத்தில் தலை விண்விண்ணென்று இடித்தது. கோபம் வந்தால் இப்படி இடிக்காதே, அவளுக்குக் கோபம் வந்தால் பேச்சு அருவியாகக் கொட்டுமே. வாய்க்குள் நாக்கு தடித்துக் கிடந்தது. எதிரே நோரீன் கண்ணை மூடிக்கொண்டு சிவந்த கன்னத்தோடு நாற்காலியில் சரிந்திருந்தாள்.

சிவந்த கன்னம். வழிகிற ஜன்னல். குழறுகிற குரல். டெஸ் புது வேலையாட்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது சமையலறையிலிருந்து எத்தனை தடவை கேட்டிருக்கிறாள்!

எழுந்தாள். அறை ஒரு பக்கம் சாய்ந்தது. கணப்புக்கு மேலே அட்டை இன்னும் மாட்டியிருந்தது. தூக்கிப் போடச் சொல்லியும் நோரீனுக்கு மனசு வரவில்லை போலும். புள்ளி தார் மாதிரி கறுத்துக் கிடந்தது. திருப்பிப் பார்த்தாள். டெஸ்ஸின் கையெழுத்தில் நவம்பர் தேதி. மாட்டி இரண்டு மாசம்கூட ஆகாத அட்டை.

துணிச் சட்டத்தைத் தள்ளிவிட்டாள். நீலமாக நிற்கவேண்டிய தீ மஞ்சளாக நீண்டு நாக்கைத் துருத்திக்கொண்டிருந்தது. மேலே சுவரில் கரிப்படலம். கணப்பின் ஓரத்துத் திருகை அடைத்தாள். ஜன்னல் ஈரத்தில் ஊறி இறுகியிருந்தது. கேக் தட்டை எடுத்துக் கண்ணாடியில் அடித்தாள்.

“எந்திரி. ஏய் நோரீன், எந்திரி நீ!”

நோரீன் முனகினாள். மேவிஸ் அவள் அக்குளுக்குள் கையைக் கொடுத்து இழுத்தாள். இடுப்பு இருக்குது என்று ஜாய்ஸ் சொன்னது பொய்யில்லை, கனத்தாள். நடையில் இரண்டு தடவை சேர்ந்து விழுந்தார்கள். கதவைத் திறந்து வாசல்படியில் போட்டபோது குளிர் முகத்தில் அறைந்தது. எதிர்வீட்டுக்காரி உப்பு வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

“ஆம்புலன்ஸுக்குச் சொல்லு. விஷப்புகைன்னு சொல்லு. அப்புறம் இன்னொரு போன் நம்பர் சொல்றேன், வூல்காட் தெரு எட்டாம் வீட்டுக்கு, எம்புருஷன் அங்கதான் வேலையா இருப்பான்.”

ஆம்புலன்ஸ் வந்து இரண்டு பேருக்கும் ஆக்ஸிஜன் முகமூடி மாட்டிய பிறகு டெஸ்ஸின் வேன் வந்தது. கதவைச் சாத்தாமல் குதித்து ஓடிவந்தான். அந்த நிலைமையிலும் மேவிஸ் அவன் யார் பக்கம் முதலில் திரும்புகிறான் என்று பார்த்தாள். அவன் இரண்டு பேரையும் தாண்டிக்கொண்டு நேராக வீட்டுக்குள் போய் மீட்டர் அடைப்பானைத் திருப்பினான். கேஸ்காரனைக் கட்டிக்கொண்டால் அப்படித்தான். பிறகுதான் திரும்பி வந்து மேவிஸின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணைப் பார்த்தான்.

நோரீன் கண்ணைத் திறந்தாள். பிழைத்துக்கொள்வாள், ஆனால் இன்னும் ஒரு மணி நேரம் உள்ளேயே இருந்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார் ஆம்புலன்ஸ்காரர்.

டெஸ் உள்ளே போய்க் கணப்பைக் கழற்றிப் பார்த்துவிட்டு ஒரு வாளியோடு வந்தான். வாளி நிறையச் செங்கல் துண்டும் காரையும். புகைபோக்கியின் உள்சுவர் குளிரில் பொரிந்து விழுந்து வழியை அடைத்திருந்தது. வாளியை நடைபாதையில் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உறைபனியில் உட்கார்ந்தான்.

“டிசம்பர் இருபதுல பாத்தேன். சுத்தமா இருந்துச்சு. சத்தியமா சுத்தமா இருந்துச்சு.” யாரிடம் சொல்கிறான் என்று தெரியவில்லை. சான்றிதழில் இருப்பது அவன் கையெழுத்து. விசாரணைக்கு வருகிறவர்கள் முதலில் அவனைத்தான் கேட்பார்கள். கேஸ் வேலைக்கான பதிவு போய்விட்டால் அவனுக்கு வேறு தொழில் தெரியாது. “புள்ளி இப்பிடிக் கறுத்திருக்கு. ரெண்டு நாளாவது ஆயிருக்கும். ஒரு போன் போட்டிருக்கலாமே நோரீன். எதுக்கெல்லாமோ கூப்பிடுவியே.”

நோரீன் முகமூடியை விலக்கினாள். அவள் கண் டெஸ்ஸைத் தாண்டி மேவிஸிடம் வந்து நின்றது. அதில் குற்றம் சொல்கிற பார்வை இல்லை. அதுதான் தாங்கமுடியாததாக இருந்தது.

“போடணும்னுதான் நெனச்சேன்,” என்றாள் மெதுவாக. “பாலிஷ் நெடின்னு நெனச்சு விட்டுட்டேன். என் தப்புதான்.”

இவள் தன்னைக் காப்பாற்றத்தான் பொய் சொல்கிறாள் என்று மேவிஸுக்குப் புரிந்தது. பிழைத்தோம் என்று வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம். நோட்டில் எழுதவில்லை, சாட்சி இல்லை. ஆனால் சாகிறவரைக்கும் இவள் போட்ட பிச்சையில் அல்லவா இருக்கவேண்டும்? ஏற்கெனவே புருஷனின் அழகான சொல்லையும் அவன் நெஞ்சடைப்பையும் இவள் வைத்திருக்கிறாள். இப்போது பெரிய மனசும் இவளுக்கே என்றால் தனக்கு என்னதான் மிச்சம்? விடமாட்டேன், இதையாவது இவளுக்கு விட்டுக்கொடுக்கமாட்டேன் என்று தோன்றியது.

முகமூடியைக் கழற்றினாள்.

“போட்டா. ரெண்டு தடவ போட்டா. நான்தான் உங்கிட்ட சொல்லல.”

டெஸ் அண்ணாந்து பார்த்தான். “என்ன?”

“புள்ளி கறுத்திருக்குன்னு சொன்னா. அட்டைய தூக்கிப் போடுன்னுட்டேன். நீ இங்க வர்றது எனக்குப் பொறுக்கல. அவ்வளவுதான்.”

எதிர்வீட்டுக்காரி கம்பளியைப் பிடித்தபடி வாயைத் திறந்து நின்றாள். நோரீன் கண்ணை மூடிக்கொண்டாள். டெஸ் முழங்காலில் கை ஊன்றி எழுந்து, மூச்சு வாங்க வேனுக்குப் போய் அட்டைப்பலகையையும் படிவத்தையும் எடுத்து வந்தான். இந்த மாதிரி நடந்தால் அன்றைக்கே எழுதி மேலே அனுப்பவேண்டும். வேனில் சாய்ந்துகொண்டு எழுத ஆரம்பித்தான். பேனா குளிரில் எழுதவில்லை. வாயில் வைத்து ஊதினான்.

“மொதல் போன் எப்ப?” அவள் பக்கம் திரும்பாமல் கேட்டான்.

“நேத்து காலைல. ஒம்பதே கால்.”

எழுதினான்.

“ரெண்டாவது?”

“இன்னிக்குப் பதினொண்ணு.”

எழுதினான். அடுத்த கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். முதல் தடவையாகப் பார்க்கிற ஆளைப் பார்ப்பது மாதிரி, ரொம்ப நேரம் பார்த்தான்.

“போன எடுத்தது யாரு?”

“மேவிஸ் காவுட்,” என்றாள். அவன் கை அசையவில்லை. “எழுது டெஸ்.”